பதினைந்து கிலோமீட்டர்

செப்டம்பர் பிறந்துவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சிறிய செய்தி வரும். அறிஞர் அண்ணா பிறந்தநாளை முன்னிட்டு மாவட்ட அளவிலான மிதிவண்டிப் போட்டி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் எல்லா மாவட்டங்களிலும் நடத்துவது. 13 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 15 கி.மீ., மாணவிகளுக்கு 10 கி.மீ. 15 வயதுக்கும் 17 வயதுக்கும் உட்பட்டவர்களில் மாணவர்களுக்கு 20 கி.மீ., மாணவிகளுக்கு 15 கி.மீ. முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000. நான்காவதாக வருபவரிலிருந்து பத்தாவதாக வருபவர் வரை ஆளுக்கு 250. சைக்கிள் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும், சாதாரணக் கைப்பிடி கொண்டதாக இருக்க வேண்டும். வயதுச் சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் வாங்கி வர வேண்டும்.

அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம் என்பதால் எங்கள் பக்கத்தில் இந்தச் செய்திக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு. நான் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். என் தம்பி மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். செய்தியை முழுக்கப் படித்துவிட்டு அவள் கேட்ட கேள்வி இதுதான்.

"அத்த, பசங்களுக்கு இருவது. எங்களுக்கு இன்னாத்துக்குப் பதினஞ்சு?"

என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. கேள்வி மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு விதிமுறைகள் புதிதல்ல. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்கு யார் பெயரை ஓலையில் எழுதலாம், யார் பெயரை எழுதக்கூடாது என்று அத்தனை துல்லியமாகச் சொல்லியிருப்பார்கள். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குக் கீழ். சொந்த மனையில் வீடு. வரி கட்டும் நிலம். வேதம் கற்றிருக்க வேண்டும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் கூடாது. சுற்றுலா வருகிறவர்களிடம் 'ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஜனநாயகம்' என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகள் யாராவது, "மிஸ், பொம்பளைங்க பேரு?" என்று கேட்பார்கள். அந்தக் குடத்துக்குள் ஒரு பெண்ணின் பெயர் விழுவதற்கு வழியே இல்லை. பெண் கூடாது என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு ஏற்படவில்லை.

சைக்கிள் பந்தயத்தின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான் தொடங்குகிறது. 1924இல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா என்ற பெண் ஓட்டினார். பதிவுப் பட்டியலில் அவர் பெயர் கடைசி எழுத்து இல்லாமல், ஆண் பெயர் போலத் தெரியும்படி இருந்தது. பன்னிரண்டு கட்டங்கள், 3,600 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் ஹேண்டில்பார் உடைந்தது. துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார் என்பார்கள். நேரம் தாண்டிவிட்டதால் போட்டியிலிருந்து நீக்கினார்கள். ஆனாலும் அவர் நிற்கவில்லை, கணக்கில் சேராதவராகவே மிலான் வரை போய்ச் சேர்ந்தார். கிளம்பிய 90 பேரில் முடித்தவர்கள் 30 பேர்தான். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணையும் அந்தப் பந்தயத்தில் ஆண்களோடு ஓட விடவில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். நான் சைக்கிள் கற்றது 1991இல். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை. அரை சைக்கிள், முக்கால் சைக்கிள், பெரிய சைக்கிள் என்று வரிசையாக நிற்கும். மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் நம்பர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூபாய். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினேன். ஏரிக்கரை மேல் போய்வந்தால் ஒரு மணி நேரம் சரியாக இருக்கும். ஆயா மட்டும் கத்திக்கொண்டே இருப்பாள். "பொட்டப் புள்ள அதுல ஏறி குந்துனா நாளைக்கு எவன்டி கட்டுவான்?" எதைப் பற்றிச் சொல்கிறாள் என்று அப்போது புரியவில்லை. சீட்டில் உட்கார்ந்தால் கன்னித்தன்மை போய்விடும் என்ற பயம் அது. வயதுக்கு வந்த மறுநாளே என் சைக்கிள் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. காசு கேட்டால் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே சமயத்தில் புதுக்கோட்டையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிற்பாடு பி.சாய்நாத் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. கிடைத்தது ஜென்ட்ஸ் சைக்கிளாக இருந்தாலும் வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில், போட்டி போலவும் காட்சி போலவும் நடந்த நிகழ்ச்சிகளில் ஓட்டிக் காட்டினார்கள். யார் முதலில் வந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தமிழ்நாட்டில் பெண்கள் கூட்டமாக ஓட்டிய முதல் பெரிய சைக்கிள் போட்டி அதுதான் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

அடுத்தது இலவச சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06 வாக்கில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் ஆனது. என் தம்பி மனைவி அந்த முதல் வரிசைகளில் ஒன்றில் நின்று வாங்கியவள். இரண்டு வருடம் அதில்தான் பள்ளிக்கூடம் போனாள். கல்யாணம் ஆகும்போது சைக்கிள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எங்க தம்பி எட்துக்கினான். பொண்ணுகூட சைக்கிள அனுப்பி வைப்பாங்களா அண்ணி?" என்று சிரித்தாள்.

இப்போது எங்கள் ஊரில் பெண் சைக்கிள் ஓட்டுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தம்பி மகள் பயிற்சி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. காலை ஐந்து மணிக்கு அவள் சாலையில் வேகமாகப் போகிறாள். டீக்கடையிலிருந்து ஒருவர், பால் ஊற்றப் போகிறவர் ஒருவர், களத்துமேட்டில் ஒரு பாட்டி, எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "எங்கம்மா போற?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அதற்கு ஓர் ஊர்ப் பெயரைப் பதிலாகச் சொல்லியாக வேண்டும். டியூஷன், கடை, ரேஷன், ஆஸ்பத்திரி. "எங்கயும் போகல தாத்தா, சும்மா நெல்வாய் கூட்ரோடு வரைக்கும் போய்ட்டு திரும்பி வரேன்" என்று இவள் சொன்னால் அவருக்கு முகம் மாறுகிறது. அன்று சாயங்காலமே என் தம்பியிடம் விசாரணை வந்துவிடுகிறது.

இதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். பெண்ணுக்கு சைக்கிளை ஊர் ஒப்புக்கொண்டது ஏதோ ஒரு வேலைக்காக. தண்ணீர் எடுக்க, படிக்கப் போக, பிள்ளையைக் கூட்டி வர. வேலையே இல்லாமல், போன இடத்துக்கே திரும்பி வருவதற்காக, வேகமாகப் போவதற்காக மட்டும் ஒரு பெண் சைக்கிள் மிதிப்பது வேறு. பையன் செய்தால் அது 'ஓட்டிக்கினு திரியறான்'. அதில் ஒரு செல்லம் இருக்கிறது. பெண்ணுக்கு அந்தச் சொல்லே கிடையாது. போட்டி சைக்கிள் என்பது முழுக்க முழுக்க இந்தத் 'திரிவது'தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எங்கேயும் போகாமல் மிதிக்க வேண்டும்.

சாலையும் சும்மா இல்லை. எங்கள் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் அதிகம். ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் விடிவதற்கு முன்னாலேயே வரிசை கட்டும். ஓரத்தில் சிந்திக் கிடக்கும் ஜல்லியில் டயர் ஏறினால் சறுக்கும். நான் ஸ்கூட்டியில் பின்னால் போய் லைட் காட்டுவேன். ஒருநாள் பைக்கில் வந்த இரண்டு பேர் அவளுக்கு இணையாக வந்து, "ஏய், ரேஸா?" என்று கத்திக்கொண்டே ஒரு கிலோமீட்டர் தூரம் கூடவே வந்தார்கள். நான் ஹாரன் அடித்துக்கொண்டே நடுவில் புகுந்தேன். வீட்டுக்கு வந்ததும், "அப்பாகிட்ட சொல்லாத அத்த, நிறுத்திடுவாரு" என்றாள். பயந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நின்றுபோய்விடுமோ என்பதுதான் அவள் கவலை.

போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. சைக்கிளை எப்படிக் காஞ்சிபுரம் கொண்டுபோவது? பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. ஆனால் சைக்கிளுக்கு பஸ்ஸில் இடமும் கிடையாது. ஒரு குட்டியானை வண்டிக்காரர் போய்வர 1,500 கேட்டார். கடைசியில் அவளே, "நான் மிதிச்சிக்கினே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டர். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அவள் முன்னால், நான் பின்னால் ஸ்கூட்டியில். திருப்புலிவனம், மாகறல் தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது கிழக்கே வெளுத்திருந்தது. நடுவில் ஒரே ஒருமுறை நின்று நாலு இட்லி. ஏழு மணிக்கு அவள் வரிசையில் நின்றாள்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பெரும்பாலும் இவளைப் போலத்தான். அரசு கொடுத்த சைக்கிள். கேரியரைக் கழற்றியிருந்தார்கள், சிலர் மட்கார்டையும் ஸ்டாண்டையும்கூடக் கழற்றியிருந்தார்கள். எடை குறையட்டும் என்று. சுடிதார் பேன்ட்டின் வலது கால் செயினில் மாட்டாமல் இருக்க ரப்பர் பேண்ட். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்திருந்தாள் ஒருத்தி. டிராக் பேன்ட் போட்டு வந்தவள் அதற்கு மேல் ஒரு நீள டாப்ஸ் போட்டிருந்தாள். "ரோட்ல வரணுமில்ல, அதான்" என்றாள்.

இவள் நாலாவது வந்தாள். 250 ரூபாய். மூன்றாவது வந்தவளுக்கும் இவளுக்கும் இடையில் ஒரு சைக்கிள் நீளம்கூட இருக்காது. பிறகு திரும்ப முப்பது கிலோமீட்டர் மிதித்து வீட்டுக்கு வந்தாள். அன்று அவள் ஓட்டியது மொத்தம் 75. பெண்களுக்கு இவ்வளவு போதும் என்று வைத்த பதினைந்து அதற்கு நடுவில் எங்கேயோ இருந்தது.

அன்றிரவு அவளுக்கு பெரில் பர்ட்டனைப் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் காய்கறிப் பண்ணையில் மண்வெட்டி பிடித்து வேலை செய்தவர். சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர். 1967இல் பன்னிரண்டு மணி நேரப் போட்டி. யார் அதிக தூரம் போகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஆண்கள் எல்லோரும் முன்னால் கிளம்பிய பிறகு பெண்களை விட்டார்கள். பர்ட்டன் ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டே போய், கடைசியாக முன்னணியில் இருந்த மைக் மெக்நமாராவையும் பிடித்துவிட்டார். மெக்நமாரா அன்று ஆண்களின் தேசிய சாதனையை முறியடித்துக்கொண்டிருந்தவர். தாண்டும்போது என்ன பேசுவது என்று தெரியாமல் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பர்ட்டன் போன தூரம் 277.25 மைல், ஏறத்தாழ 446 கிலோமீட்டர். அதைத் தாண்ட ஆண்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. பெண்களுக்கு ஐம்பது வருடம்.

"அப்பறம் இன்னாத்துக்கு கொறைச்சி வைக்கறாங்க?" என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

முடியாது என்பதால் இல்லை. அதுவே பழக்கமாகிவிட்டது. பெண்களுக்கான சாலைப் பந்தயம் ஒலிம்பிக்கில் வந்ததே 1984இல்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் சாலைப் பந்தயம் 273 கி.மீ., பெண்களுக்கு 158. ஆனால் அதே பாரிஸில் தனிநபர் டைம் ட்ரையல் இருவருக்கும் ஒரே 32.4 கி.மீ. தடப் போட்டிகளில் பெண்களுக்கு 500 மீட்டராக இருந்த டைம் ட்ரையலை 2025 முதல் ஆண்களுக்கு உள்ளதுபோல ஒரு கிலோமீட்டராக ஆக்கியிருக்கிறார்கள். தனிநபர் பர்சூட் மூன்றிலிருந்து நான்கு கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. டூர் டி பிரான்ஸ் 1955இல் பெண்களுக்கு ஐந்து நாள் நடந்தது, அப்புறம் நின்றது. 1984இல் மறுபடி தொடங்கி 1989 வரை நடந்தது, மறுபடி நின்றது. 2022இல் எட்டு நாள் பந்தயமாகத் திரும்பி வந்தது. 2024இல் எட்டுக் கட்டங்கள் ஓடி முடித்த பிறகு முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் நான்கே நொடி. பார்த்தவர்கள் யாரும் இது குட்டைப் பந்தயம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் காஞ்சிபுரம் முன்னால் நிற்கிறது. அண்ணா போட்டியில் பரிசு பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 2021இல் பாரிஸ்-ரூபே பந்தயம் முதன்முதலாகப் பெண்களுக்கு நடந்தபோது, ஜெயித்த லிஸி டெய்க்னனுக்குக் கிடைத்தது 1,535 யூரோ. ஆண்களில் ஜெயித்தவருக்கு 30,000 யூரோ. இதைச் சொன்னதும் இவளுக்கு ஒரே சிரிப்பு. "அப்ப நம்ம கலெக்டர் ஆபீசு பரவால்ல."

தம்பி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. கெட்டவன் இல்லை. மகள் மேல் உயிர். நான் டெபோரா ஹெரால்டைப் பற்றிச் சொன்னேன். நிக்கோபாரில் 2004 சுனாமியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் உயிர் பிழைத்த சிறுமி, பிறகு சைக்கிள் பயிற்சிக்கு வந்து, 500 மீட்டர் டைம் ட்ரையலில் உலகத் தரவரிசையில் நான்காவது இடம் வரை போனார். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் போனில் ஒரு பழைய செய்தியை எடுத்துக் காட்டினான். 2022 ஜூன். ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போன இந்திய சைக்கிள் வீராங்கனை ஒருவர், தலைமைப் பயிற்சியாளர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று புகார் கொடுத்தார். இந்திய விளையாட்டு ஆணையம் அவரை நாட்டுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டது. பயிற்சியாளரின் ஒப்பந்தம் ரத்தானது. "இதுக்கு இன்னா சொல்றக்கா?" என்றான்.

அவன் பயம் பொய்யில்லை. பைக்கில் வந்த அந்த இரண்டு பேரும் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். ஆனால் அந்தச் செய்தியில் நான் பார்த்தது இன்னொன்று. அந்தப் பெண் வெளிநாட்டில் இருந்துகொண்டு, தன் எதிர்காலம் யார் கையில் இருக்கிறதோ அவர் மேலேயே புகார் கொடுத்திருக்கிறார். அது எடுபட்டிருக்கிறது. "இவ ஓட்டாம இருந்தா மட்டும் நல்லது நடந்துடுமாடா? நடந்தா வாயத் தெறந்து சொல்ற பொண்ணா வளத்து அனுப்பு" என்றேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பன்னெண்டாவது முடியட்டும்" என்றான். எங்கள் வீடுகளில் இது தள்ளிப்போடுவது. சில நேரம் சம்மதமும் இதே வார்த்தையில்தான் வரும்.

காசுக் கணக்கு தனி. இலவச சைக்கிள் கனமான இரும்பு வண்டி. பன்னாட்டுப் பந்தயத்தில் 6.8 கிலோவுக்குக் குறைவான சைக்கிள் கூடாது என்று விதியே இருக்கிறது. இங்கே அது மாதிரி மூன்று வண்டியின் எடையை ஒரே வண்டியில் மிதிக்கிறார்கள். பயிற்சிக்கு உருப்படியாக ஒன்று வாங்கப் போனால் விலை எங்கள் யாருடைய மாதச் சம்பளத்திலும் அடங்காது. ஹெல்மெட், ஷூ, டயர் எல்லாம் அதற்கு மேல். இதைவிடச் சின்னதாகத் தெரியும் பெரிய செலவுகளும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் சீட் உராய்ந்து புண்ணாகிறது. இதை அவள் என்னிடம் சொல்வதற்கு மூன்று மாதம் ஆனது. அம்மாவிடம் சொன்னால் ஆயாவின் பழைய பயம் திரும்பி வந்துவிடுமோ என்று தயங்கியிருக்கிறாள். அகலமான சீட்டாக மாற்றி, உள்ளே பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மேலே டிராக் பேன்ட். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்று கேட்க ஒரு பெண் பயிற்சியாளர் எங்கள் சுற்றுவட்டாரத்தில் இல்லை. டாக்டரிடம் கேட்டோம்.

தம்பி மனைவி இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஆனால் ஒருநாள் ஒரு பாஸ்புக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று, அதே அண்ணா பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் வைத்துத்தான் அந்தத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய். அவள் அதைத் தொடவே இல்லை. "இது எங்கிட்ட இருக்குதுன்னு அவருக்குத் தெரியும். எதுக்குன்னு தெரியாது. செகண்ட் ஹாண்ட்ல ஒரு வண்டி வருமா அண்ணி?" இருபது வருடத்துக்கு முன்னால் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு வந்த சைக்கிளைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில், சைக்கிள் பந்தயத்துக்கென்றே தடம் இருக்கிறது. 2019இல் மாவட்டம் பிரிவதற்கு முன்னால் அதுவும் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம்தான். இப்போது செங்கல்பட்டு. பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். வளைவுகளில் தரை சுவர் மாதிரி சரிந்து நிற்பதை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கே லாரி கிடையாது. ஜல்லி கிடையாது. எங்கம்மா போற என்று கேட்கவும் ஆள் கிடையாது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவதற்காகவே கட்டியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அத்த, இங்க ஓட்டற சைக்கிளுக்கு பிரேக்கே கெடையாதாமே?"

"ஆமா."

முன் சீட்டிலிருந்து அவள் அம்மா திரும்பிப் பார்த்தாள். "அத மட்டும் உங்க தம்பிகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி."